முற்றத்துக் கற்களில் சிக்லமீனோ

சிசிலியில், பலெர்மோ நகரத்தின் அல்பெர்கேரியா பகுதியில் நாங்கள் இருப்பது இரண்டாம் மாடி. குசினி யன்னலைத் திறந்தால் நேரே கீழே முற்றம் தெரியும். நான்கு பக்கமும் பழைய வீடுகள் உயர்ந்து நிற்பதால் அந்த முற்றத்துக்கு வெயில் வருவது அபூர்வம். கோடையில் மத்தியானம் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். முற்றத்தின் ஒரு மூலையில் ஒரு கற்குவியல் கிடந்தது. முன்பு அங்கே இருந்த வெளிப் படிக்கட்டு இடிந்தபோது ஒதுக்கிவைத்த மஞ்சள் கற்களாம். அகற்றுவது யார் பொறுப்பு என்ற வழக்கு வீட்டுக்காரர்களுக்குள் தீராததால் கற்கள் அங்கேயே தங்கிவிட்டன. நாங்கள் குடிவந்தபோது அவற்றுக்கிடையே பாசியும் சிகரெட் கட்டைகளும்தான் இருந்தன.

பாத்திரம் கழுவும்போதெல்லாம் அந்தக் குவியல்தான் என் கண்ணில் படும். அதில் எதையாவது வளர்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். கறிவேப்பிலை வைத்தேன். பச்சை மிளகாய் வைத்தேன். பல்லாரோ சந்தையில் வாங்கிய துளசி மாதிரியான பசிலிக்கோவையும் வைத்துப் பார்த்தேன். எல்லாம் வெளிறி, வெயிலைத் தேடி நெடுத்து, கடைசியில் தலை சாய்ந்து போயின.

கீழ்வீட்டுக்காரர் தன் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். ஆயுள் முழுவதும் பல்லாரோவில் மீன் விற்றவர். மனைவி இறந்துவிட்டா. ஒரே மகள் கல்யாணம் முடித்து வடக்கே டொரினோவில் இருக்கிறாள். சந்தையில் கூவிக் கூவிப் பழகிய குரல் என்பதால் மெதுவாகப் பேசுகிறேன் என்று நினைத்துப் பேசினாலும் மூன்றாம் மாடி வரை கேட்கும். லாப்பா என்று இங்கே சொல்லும் அவருடைய மூன்று சில்லு வண்டி எப்போதும் அந்தக் கற்களோடு ஒட்டி நிற்கும்.

"சிஞ்ஞோரா, சும்மா பாடுபடாதேங்கோ. இந்த நிழலில பாசிதான் வரும்," என்றார் ஒரு நாள். அவர் பேசுவது பலெர்மோ பாஷை. சந்தையில் மரக்கறி வாங்கிப் பழகியதால் எனக்கு அது இத்தாலியனைவிடச் சுகமாக விளங்கும். என் காதுக்குள் நுழையும்போதே அது எங்கள் தமிழாக மாறிவிடும். "பாசியும் பச்சைதானே, அதைப் பாத்துச் சந்தோசப்படுங்கோ," என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது நான் பகேரியாவில் ஒரு வீட்டில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். ரயிலில் போய் ரயிலில் வருவேன். பெரிய பழைய மாளிகையொன்றைப் பல வீடுகளாகப் பிரித்திருந்தார்கள். அதில் ஒன்றில் எங்கள் சிஞ்ஞோரா, வீட்டுக்கார அம்மா, தனியாக இருந்தா. பின்புறத்தில் ஓக் மரங்களுக்குக் கீழே ஈரமும் இருட்டுமாக ஒரு சரிவு. மார்கழி போய்த் தை மாசி வரும்போது அந்தச் சரிவில் இலைகள் எழும்பும். பங்குனியில் முழுச் சரிவும் இளஞ்சிவப்பாகிவிடும். நான் வேலைக்குப் போன முதல் வருடமே அதைப் பார்த்து வாய் பிளந்து நின்றிருக்கிறேன். சிக்லமீனோ என்று பெயர், விரல் உயரம்தான் செடி. பூ கவிழ்ந்திருக்கும், இதழ்கள் மட்டும் பின்பக்கமாக மேலே திரும்பி நிற்கும். காற்றில் குடை மடங்கியது மாதிரி.

ஒரு ஆவணி மாதம் கறிவேப்பிலை செத்த கதையைச் சொல்லிக்கொண்டு நிலம் துடைத்தேன். சிஞ்ஞோரா புத்தகத்தை மூடிவிட்டு, "வெயில் வேண்டாத செடியை வைக்கலாமே. வா," என்று கையில் கரண்டியோடு பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனா. காய்ந்த இலைகளை ஒதுக்கிக் கிண்டினோம். தட்டையாக, மண்ணிறத்தில், பொரித்த தட்டைவடை மாதிரி கிழங்குகள் வந்தன. பாண் சுற்றி வந்த கடதாசிப் பையில் ஒரு கைப்பிடி போட்டுத் தந்தா.

"இதில மேல்பக்கம் எது?" என்று கேட்டேன்.

சிஞ்ஞோரா ஒன்றை எடுத்து மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "எனக்கும் இதுவரை தெரியவில்லை. இவை தாமாகவே வளர்ந்தவை. நான் ஒரு நாளும் நட்டதில்லை," என்றா. பிறகு இருவரும் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தோம். நார்போல் காய்ந்த வேர் இருக்கிற பக்கம் கீழே என்று முடிவு கட்டினோம். வேரே இல்லாதவற்றைச் சரித்து வைத்துவிடலாம், அது தன் வழியைக் கண்டுபிடிக்கட்டும் என்பது அவவின் யோசனை.

அன்று பின்னேரம் என் மனிசன் உதவிக்கு இறங்கி வந்தார். அவருக்குக் கபோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை, இரவுதான் போகவேண்டும். பெரிய கற்களை அவர் புரட்டினார். நான் இடைவெளிகளில் மண்ணும் பகேரியாவிலிருந்து கொண்டுவந்த மக்கிய இலையும் நிரப்பி, கிழங்குகளை விரலளவு ஆழத்துக்கும் மேலாகப் புதைத்தேன்.

"நீர் இனி கல்லிலையும் தோட்டம் செய்யப் போறீரோ?" என்று கேட்டார் மனிசன்.

"ஓம். மண்ணில செய்து பாத்தாச்சு."

வாசலில் நின்ற கீழ்வீட்டுக்காரர் லாப்பாவைக் கொஞ்சம்கூட நகர்த்தவில்லை. அதன் பின்பக்கத்தைச் சுற்றிச் சுற்றித்தான் நாங்கள் வேலை செய்தோம்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்கள் எல்லாரும் போகிறது போல, நாங்களும் பெல்லெக்ரினோ மலைக்குச் நகரத்தின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவைக் கும்பிடப் போனோம். ஏறும் வழியில் பாறை இடுக்கெல்லாம் சிக்லமீனோ பூத்திருந்தது. பகேரியாவில் பங்குனியில்தான் பூக்கும் என்று தெரிந்தும், புனிதைக்கு மெழுகுதிரி கொளுத்தும்போதுகூட, என் கிழங்குகள் மட்டும் ஏன் எழும்பவில்லை என்றே மனம் ஓடியது. அடுத்த நாள் சிஞ்ஞோராவிடம் சொன்னேன். "அது வேறு சாதி. அது மழை தொடங்கினவுடன் பூக்கும். நம்முடையது சோம்பேறி, வசந்தத்துக்குத்தான் எழும்பும்," என்று சிரித்தா. அன்றிலிருந்து எனக்கு அந்தச் சோம்பேறிகள் மேல் ஒரு தனிப் பிரியம் வந்துவிட்டது.

மாசியில் முதல் இலை வந்தது. மடித்த கைக்குட்டையைப் பிரிப்பது போல மெல்ல விரிந்தது. இதய வடிவம். பச்சையின் மேல் சாம்பல் நிறத்தில் கோலம். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் கத்தரிக்காய் நிறம். பிறகு அடுத்தடுத்து இலைகள் வந்து கற்களின் ஓரத்தை மூடின. பங்குனி பிறந்து கொஞ்ச நாளில், ஒரு காலை வேலைக்குப் போகும் அவசரத்தில் இறங்கியபோது மூன்று நான்கு பூக்கள் நின்றன. நிழல் மூலையில் யாரோ சின்னச் சின்ன விளக்கு வைத்தது மாதிரி. ரயிலைத் தவறவிட்டேன்.

ஒரு கிழமை கழித்துக் குசினி யன்னலால் எட்டிப் பார்த்தேன். கற்குவியலோடு ஒட்டி நிற்கும் லாப்பாவைக் காணவில்லை. அது தெருவில் நின்றது. வழக்கமாக அது நிற்கும் இடத்தில் ஒரு கதிரை. அதில் கீழ்வீட்டுக்காரர் உட்கார்ந்து, கைத்தொலைபேசியில் மகளோடு பேசிக்கொண்டிருந்தார். முழுக் கட்டிடத்துக்கும் கேட்டது.

"இல்லை, கடையில வாங்கின வாசனை இல்லை, பூ வாசம்! எங்கட முற்றத்தில! ஓம், எங்கட முற்றத்தில சிக்லமீனோ!"

அந்தப் பூவுக்கு மணம் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இறங்கிப் போய்க் குனிந்து மணந்து பார்த்தேன். மெல்லிய, குளிர்ந்த வாசம். மீன் மணத்திலேயே வாழ்ந்த மனிதரின் மூக்கு அதை முதலில் கண்டுபிடித்திருந்தது. அவர் எழுந்து போய் உள்ளேயிருந்து இன்னொரு கதிரை கொண்டுவந்து போட்டார். நானும் உட்கார்ந்தேன்.

சித்திரை முடிய இலைகள் மஞ்சளாகி, சுருண்டு, இருந்த இடம் தெரியாமல் போயின. சிஞ்ஞோரா முன்பே சொல்லியிருந்தா, கோடையில் அவை தூங்கும், அப்போது தண்ணீர் விடாதே, மறந்துவிடு என்று. நானும் மறந்துவிட்டேன். ஆடியில் மனிசனின் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு ஜெர்மனி போய், ஒரு மாதம் நின்றுவிட்டு வந்தோம்.

திரும்பி வந்த அன்று பெட்டிகளோடு வாசலால் நுழைகிறோம். பலெர்மோ முழுவதும் அனலாகக் காய்ந்து கிடக்க, எங்கள் முற்றத்து மூலை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கீழ்வீட்டுக்காரர் கையில் தண்ணீர்க் குழாயோடு எங்களைப் பார்த்து மலர்ந்து நின்றார்.

"வாங்கோ, சிஞ்ஞோரா! நீங்கள் போகேக்கயே பாவம் எல்லாம் காஞ்சு கிடந்தது. நான் விடேல்லை. காலையும் பின்னேரமும் தண்ணி. ஒருநாள்கூட மறக்கேல்லை!"

"நன்றி," என்றேன்.

மேலே வந்ததும் கதிரையில் விழுந்தேன். என் மகள்தான் முதலில் கேட்டாள். அவள் அப்போது லிசேயோவில், இங்கத்தைய உயர்தரப் பள்ளியில், படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போலவே தமிழையும் இத்தாலியனையும் கலந்தடிப்பாள்.

"மம்மா, என்ன? முகம் ஏன் இப்பிடி?"

"கிழங்கெல்லாம் அழுகியிருக்கும்."

"கீழ்வீட்டு நொன்னோவுக்குச் சொல்லப் போறீங்களா? பொவெரீனோ, பாவம். எவ்வளவு சந்தோசமா நிண்டவர்!"

"சொல்லாட்டி நாளைக்கும் தண்ணி விடுவார்," என்றார் மனிசன், பெட்டியைத் திறந்தபடி. "மிச்சம் இருக்கிறதும் போயிடும். நீர்தான் போய்க் கதைக்க வேணும். என்ர இத்தாலியன் குசினிக்குள்ளதான் சரி வரும்."

அடுத்த நாள் காலை கீழ்வீட்டுக்காரர் சந்தைக்குப் போன நேரம் பார்த்து இறங்கிப் போய் ஒரு கல்லை நகர்த்திக் கிண்டினேன். முதல் கிழங்கு விரல் பட்டதும் கனிந்த பப்பாசி மாதிரி நசிந்தது. அடுத்ததும் அப்படியே. மேலே கற்களின் நடுவே, தண்ணீர் வடிந்துபோகிற இடுக்குகளில் இருந்தவை மட்டும் கெட்டியாக இருந்தன. அவற்றைத் தொடாமல் விட்டேன். நிமிர்ந்தபோது அவர் பின்னால் நின்றார். கையில் மரக்கறிப் பை.

இனி ஒளிக்க இடமில்லை. நசிந்த கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்: "இதுகள் கோடையில நித்திரை கொள்ளுற சாதி, சிஞ்ஞோர். அந்த நேரம் தண்ணி பட்டால் அழுகிப்போகும். நான் போக முதல் உங்களுக்குச் சொல்லேல்லை. எனக்குச் சொல்லத் தோன்றேல்லை."

அவர் என் கையைப் பார்த்தார். வழக்கமாக உரத்துப் பேசும் மனிதர், குரலே எழும்பாமல், "செத்துப் போச்சு எண்டு நினைச்சுத்தான் தண்ணி விட்டனான்," என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு கதிரை முற்றத்துக்கு வரவில்லை. நான் காலை வணக்கம் சொன்னால் தலையை மட்டும் அசைப்பார். என்னில் கோபமா, தன்னில் கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. லாப்பாவும் அந்த மூலைக்குத் திரும்பவில்லை என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆறுதல்.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு பின்னேரம் எங்கள் கதவு மணி அடித்தது. திறந்தால் அவர். இத்தனை காலத்தில் எங்கள் மாடிக்கு அவர் ஏறி வந்ததே இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கையில் மீன் வைக்கும் வெள்ளைப் பெட்டி. அதற்குள் மீனில்லை, பருமணல்.

"செடி விக்கிற கடையில கேட்டனான்," என்றார். "தண்ணி நிக்கிறதுதான் இதுகளுக்குச் சத்துருவாம். அடியில சரளைக்கல்லும் மணலும் போட்டுக் குவியலைத் திருப்பி அடுக்க வேணுமாம். கீழ லாப்பாவில இன்னும் கிடக்கு. உங்கட பகேரியா சிஞ்ஞோரா கொஞ்சம் கிழங்கு தருவாவோ?"

உள்ளே வந்து தேத்தண்ணி குடியுங்கோ என்றேன். இஞ்சி போட்ட தேத்தண்ணியைக் குடித்து இருமினார். பிறகு இன்னொரு கோப்பை கேட்டார்.

அந்தக் கிழமையே பகேரியா போனோம். லாப்பாவில் இரண்டாவது ஆளுக்கு இடமில்லை. அதனால் நான் ரயிலில், அவர் வண்டியில். நான் போய்ச் சேர்ந்து யன்னல்களெல்லாம் துடைத்து முடித்த பிறகுதான் அவர் புகை கக்கிக்கொண்டு வந்து இறங்கினார். சவரம் செய்து, கோவிலுக்குப் போகிறவர் மாதிரி சட்டை போட்டிருந்தார். சிஞ்ஞோராவுக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. இருவரும் சரிவில் குனிந்து கிழங்கு தோண்டுகிறார்கள், நான் சாக்கில் மக்கிய இலை அள்ளுகிறேன். கொஞ்ச நேரத்தில் சண்டை தொடங்கியது.

"இதுதான் மேல்பக்கம்," என்றார் அவர்.

"அது வேர்ப் பக்கம்," என்றா சிஞ்ஞோரா.

"அம்மா, நான் ஆயுள் முழுக்க மீன் வெட்டினவன். முதுகு எது வயிறு எது எண்டு எனக்குத் தெரியும்."

"இது மீனில்லையே!"

சிஞ்ஞோரா அப்படி வாய்விட்டுச் சிரித்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கோப்பி குடிக்க வைத்துத்தான் எங்களை விட்டா. புறப்படும்போது, பூத்தால் படம் அனுப்பவேண்டும் என்று அவரிடம் கட்டளையிட்டா.

திரும்பி வந்து இரண்டு நாள் குவியலைப் பிரித்து அடுக்கினோம். அவரால் பாரம் தூக்க முடியாது. கதிரையில் இருந்தபடி எந்தக் கல் எங்கே என்று கத்துவார். மனிசனும் நானும் புரட்டுவோம். மகள் மணலைப் பரப்புவாள். மேல்மாடிக்காரர்கள் யன்னலால் எட்டிப் பார்த்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பழைய மாடிப்படியின் ஒரு முழுப் படிக்கல் உடையாமல் கிடைத்தது. அதை நடுவில் வைத்து, அதன் இரு பக்கமும் இடுக்குகள் விட்டு, பழைய கிழங்கும் புதிய கிழங்குமாக நட்டோம்.

அந்த வசந்தத்தில் பூ குறைவுதான். ஆனால் கோடை வந்தபோது அவரைப் பார்க்க வேண்டும். இலைகள் காய்ந்த நாளிலிருந்து காவல். மேல்மாடியில் யாரும் துணி அலசிய தண்ணீரை வாளியோடு கொண்டுவந்து ஊற்றப் போனால், "நித்திரை! நித்திரை கொள்ளுதுகள்!" என்று கத்துவார். அவருடைய குரலில் எந்தச் செடி தூங்கும் என்று மகள் சொல்லிச் சிரிப்பாள்.

எறும்பு விஷயம் நடந்தது அதற்கு அடுத்த வருடம். பூ உதிர்ந்ததும் காம்பு கம்பிச்சுருள் மாதிரி சுருண்டு, விதைக்காயை மண்ணுக்குக் கொண்டுபோய் வைத்துவிடும். காய் வெடித்த நாளில் கீழிருந்து என்னைக் கூப்பிட்டார். "ஓடி வாங்கோ, களவு போகுது!" போய்ப் பார்த்தால் எறும்பு ஒரு நீள வரிசையாக விதைகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து அவருடைய வாசற்படிக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் கையில் எறும்பு மருந்து. நான் சிஞ்ஞோராவுக்குத் தொலைபேசி எடுத்தேன். விதையில் இனிப்பாக ஒரு பசை இருக்கும், எறும்பு அதைத் தின்றுவிட்டு விதையை விட்டுவிடும், தன் தோட்டம் அப்படித்தான் பரவியது என்றா. அதை அவருக்குச் சொன்னேன். மருந்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, கதிரையைத் திருப்பிப் போட்டு, பின்னேரம் முழுக்க அந்த ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எறும்புகள் எங்கே கொண்டுபோய் வைத்தன என்று மறந்தே போயிருந்தோம். பிறகு ஒரு குளிர்காலத்தில் அவருடைய வாசற்படியின் வெடிப்பில் நகத்தளவு ஒற்றை இலை. அதற்கடுத்த வருடம் இரண்டு மூன்று. இந்த வருடம்தான் அங்கே முதல் பூ வந்தது. ஒன்றே ஒன்று, படியின் நட்ட நடுவில். அவர் இப்போது தன் வீட்டுக்குள் பக்கவாட்டாகத்தான் போகிறார், வருகிறார். தபால்காரனுக்கு வாசலுக்கு வரத் தடை; கடிதத்தைக் கதிரையில் வைத்துவிட்டுப் போகவேண்டும். ஈஸ்டருக்கு வந்த டொரினோ மகளையும் பேரப்பிள்ளைகளையும்கூட அந்தப் படியைத் தாண்டிக் குதிக்க வைத்தார்.

ஈஸ்டருக்கு மறுநாள் முற்றத்தில் எல்லாருமாகச் சாப்பிட்டோம். அவர் கரி அடுப்பு மூட்டி ஆர்த்திசோக் மொட்டுகளை அப்படியே தணலில் புதைத்துச் சுட்டார். நான் உளுந்து வடை சுட்டு இறக்கினேன். மனிசன் அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கணவாய் பிரட்டல் வைத்தார். கணவாயைத் தெரிந்து வாங்கி வந்தது கீழ்வீட்டுக்காரர்தான். பகேரியா சிஞ்ஞோராவும் வந்திருந்தா, கையில் கசாட்டா கேக்கோடு. மேல்மாடிக்காரர்கள் ஆளாளுக்குக் கதிரை கொண்டுவந்தார்கள். கற்களின் பக்கம் யாரும் கதிரை போடாமல் என் மகள் பார்த்துக்கொண்டாள். கரிப்புகையும் கணவாய் மிளகாய் மணமும் முற்றத்தை நிறைத்ததில் பூவின் வாசம் யாருக்கும் கிடைக்கவில்லை.

"இந்த வடைக்குள்ள என்ன போட்டிருக்கு?" என்று மேல்மாடி வரை கேட்கும்படி கேட்டார் அவர். சொன்னேன். தலையாட்டிக்கொண்டே இன்னும் இரண்டு எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டார்.